புலியின் காயத்தைத் தேடியவர்

ஜிம் கார்பெட் என்ற பெயரை நம்மில் பலர் இந்தியாவில் உள்ள ஒரு தேசியப் பூங்காவின் பெயராக மட்டுமே கேள்விப்பட்டிருப்போம். வேறு சிலருக்கு அவர் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுக் கொன்ற ஒரு வெள்ளைக்காரத் துரை. இரண்டும் உண்மைதான். ஆனால் இவ்விரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழ வேண்டும். புலிகளைச் சுட்டவரின் பெயரைப் புலிகளைக் காக்கும் காட்டுக்கு ஏன் வைத்தார்கள்? இரண்டாம் ஆண்டில் படிக்கும்போது, பல்கலைக்கழக நூலகத்தில் அவருடைய முதல் நூலைக் கையில் எடுத்தபோது எனக்குள் இருந்த கேள்வி இதுதான். அந்நூலைத் தி.ஜ.ர. ‘குமாயுன் புலிகள்’ என்று தமிழில் தந்திருக்கிறார். நான் படித்தது ஆங்கிலப் பதிப்பு. தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசிய இடைநிலைப்பள்ளி வழியாக வந்த என்னைப் போன்றவர்களுக்கும் தடுக்காத எளிய நடை அது.

எட்வர்ட் ஜேம்ஸ் கார்பெட் 1875-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் இமயமலைச் சாரலில் உள்ள நைனிடாலில் பிறந்தார். தந்தை அவ்வூர் அஞ்சலகத் தலைவர். பிள்ளைகள் நிறைந்த குடும்பம். ஜிம் சிறு பிள்ளையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். ஆட்சி செய்த இனத்தைச் சேர்ந்தவர்தான் என்றாலும், வசதியில் புரண்ட குடும்பம் என்று சொல்ல முடியாது. குளிர்காலத்தில் மலையை விட்டு இறங்கிக் காலாதுங்கி என்னும் சிற்றூரில் உள்ள வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வீட்டைச் சுற்றிக் காடு. அந்தக் காட்டில்தான் அவர் உண்மையில் படித்தார். எந்தப் பறவை எதற்குக் கத்துகிறது, கடமான் எதைப் பார்த்தால் குரல் கொடுக்கும், குரங்கின் எச்சரிக்கைக் குரலுக்கும் அதன் சண்டைக் குரலுக்கும் என்ன வேறுபாடு என்பதெல்லாம் அவருக்குச் சிறு வயதிலேயே தெரிந்துவிட்டது. விலங்குகளைப் போலக் குரல் கொடுக்கவும் கற்றுக்கொண்டார். இந்தத் திறமை 63 வயதில் அவருக்குக் கைகொடுக்கப் போகிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இருபது வயதை எட்டும் முன்பே இரயில்வே வேலைக்குப் போனார். முதலில் எஞ்சின்களுக்கான விறகு வெட்டும் பணியை மேற்பார்த்தார். பின்னர் கங்கைக் கரையில் மொகாமா என்ற படகுத்துறையில், ஒரு பக்கம் இரயிலில் வந்திறங்கும் சரக்கை ஆற்றைக் கடத்தி மறுபக்க இரயிலில் ஏற்றும் குத்தகையை எடுத்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வாழ்ந்தார். கிரேன் கிடையாது, எல்லாம் தலைச்சுமைதான். குத்தகைக்காரர், கங்காணி என்றாலே நம் தாத்தா பாட்டிகளுக்கு என்ன நினைவு வரும் என்பது நமக்குத் தெரியும். அந்தக் கண்ணோடுதான் இந்தப் பகுதியைப் படித்தேன். ஆனால் அவர் கூலியாட்களோடு சேர்ந்து மூட்டை தூக்கியவர். அவர்களுடைய பிள்ளைகளுக்காக நிலைய அதிகாரியான ராம் சரண் என்பவருடன் சேர்ந்து பள்ளிக்கூடமும் தொடங்கினார். வெவ்வேறு சாதிப் பிள்ளைகள் ஒரே குடிசைக்குள் உட்காரக் கூடாது என்ற தடை வந்தபோது ராம் சரண் ஒரு வழி கண்டார். சுவர்களை எடுத்துவிட்டார்கள். கூரை மட்டும் உள்ள கொட்டகையில் சேர்ந்து உட்காருவதற்கு யாருக்கும் மறுப்பில்லை!

தொடக்கத்தில் மொகாமாவில் வேலை பார்த்துக்கொண்டே, விடுப்பு எடுத்துக்கொண்டு வந்துதான் அவர் ஆட்கொல்லிகளைத் தேடினார். இது அவருக்குத் தொழிலாக இருந்ததே இல்லை.

முதல் ஆட்கொல்லி சம்பாவத் பெண்புலி. நேபாளத்தில் ஏறக்குறைய 200 பேரைக் கொன்றபின் அங்கிருந்து விரட்டப்பட்டு, குமாயுன் மலைப்பகுதிக்கு வந்து இன்னும் 200-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மொத்தம் 436 உயிர்கள். 1907-ஆம் ஆண்டு அரசாங்கம் கார்பெட்டின் உதவியைக் கேட்டபோது அவர் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். புலியின் தலைக்கு அறிவித்த பரிசுத் தொகைகளை எல்லாம் நீக்க வேண்டும்; காட்டுக்குள் சுற்றும் மற்ற வேட்டைக்காரர்களைத் திரும்ப அழைக்க வேண்டும். பரிசுக்காகக் கொல்பவன் என்ற பெயரும் வேண்டாம், எவனோ ஒருவனின் குண்டுக்குத் தவறிப் பலியாகவும் வேண்டாம் என்பது அவர் எண்ணம்.

சில ஆட்களுடன் பாலி என்ற கிராமத்துக்கு நடந்தே போய்ச் சேர்ந்தார். கால்நடைத் தீவனத்திற்கு மரமேறித் தழை ஒடித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஐந்து நாள்களுக்கு முன் புலி கொண்டுபோயிருந்தது. அதிலிருந்து ஊரில் ஒருவரும் வாசற்படியைத் தாண்டவில்லை. முற்றங்கள் நாறிக் கிடந்தன. வீட்டில் இருந்த தானியம் தீர்ந்துகொண்டே வந்தது. வயலில் கோதுமை முற்றி நின்றது, அறுக்க ஆளில்லை. முதல் இரவு கார்பெட் ஊருக்கு வெளியே பாதையோரத்தில் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து காவல் இருந்தார். நிலா வெளிச்சத்தில் ஒவ்வொரு நிழலும் புலியாகத் தெரிந்ததாகவும், பயத்தில் பற்கள் கிட்டிப்போனதாகவும் அவரே எழுதியிருக்கிறார். வேட்டைக்காரர்கள் எழுதிய நூல்களில் பயந்தேன் என்ற சொல் அவ்வளவு எளிதில் வருவதில்லை. அடுத்து அவர் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. புலியைத் தேடி ஓடாமல், துப்பாக்கியோடு வயலருகே காவல் நின்றார். அவர் நிற்க, மக்கள் கோதுமை அறுத்தார்கள்.

புலி மனிதரைக் கொல்கிறது என்றால் இறந்தவர் கணக்கை மட்டும்தான் நாம் பார்க்கிறோம். உயிரோடு இருப்பவர்கள் புல்லறுக்க, விறகு பொறுக்க, தண்ணீர் எடுக்கப் போக முடியாமல் கிடப்பது கணக்கில் வருவதில்லை. அவர் கதைகளில் இறப்பவர்களில் பெரும்பாலோர் இத்தகைய வேலைக்குப் போனவர்கள்தாம். அதிலும் பெண்களே மிகுதி. என் பாட்டி பகாங் மாநிலத்தில் ஒரு பால்மரத் தோட்டத்தில் இருந்தவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகும் காலத்தில், ஈர மண்ணில் பாதத் தடம் தெரிந்தது என்று செய்தி வந்தால், அன்று பெண்கள் இருவர் இருவராகச் சேர்ந்துதான் நிரைக்குள் போவார்களாம். போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் சம்பளம் இல்லை. 2023-ஆம் ஆண்டு கிளந்தானில் குவா மூசாங் பகுதியில் புலி தாக்கி மனிதர்கள் இறந்தபோதும், அங்கு வாழ்ந்தோருக்கு இருந்த வழிகள் இதைவிட அதிகமில்லை.

சம்பாவத் ஊரருகே அந்தப் பெண்புலி பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தியைக் கொன்றது. இரத்தத் தடத்தைப் பின்பற்றிச் சென்ற கார்பெட் கண்டது அப்பெண்ணின் கால் ஒன்றை. மறுநாள் 298 ஆண்களைத் திரட்டி மலைச்சரிவில் ஆரவாரம் எழுப்பச் செய்து புலியை வெளியே கொண்டுவந்து சுட்டார். உரிமம் இல்லாத துப்பாக்கிகளைக் கண்டும் காணாமல் இருப்பதாகத் தாசில்தார் சொல்லிவிட்டதால், ஊரில் ஒளித்து வைத்திருந்த துப்பாக்கிகள் எல்லாம் அன்று வெளியே வந்தனவாம்! கடைசியில் கார்பெட்டின் தோட்டா தீர்ந்துபோய், தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கித்தான் முடிக்க வேண்டியிருந்தது.

பிறகு இரண்டு காரியங்கள் செய்தார். ஒன்று, புலியின் வாயைத் திறந்து பார்த்தார். வலப்பக்கத்து மேல் கோரைப்பல் பாதியாக உடைந்திருந்தது. கீழ்க் கோரைப்பல் எலும்பு வரை போயிருந்தது. எப்போதோ யாரோ சுட்ட குண்டின் வேலை. மானையும் பன்றியையும் கௌவிக் கொல்ல முடியாத புலி, ஓடவும் தெரியாத முட்டவும் தெரியாத உயிரினமாகிய மனிதனைப் பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. மற்றொன்று, தோலை ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோனார். உடன்பிறந்தவளைப் புலி தூக்கிக்கொண்டு போனபோது பின்னாலேயே ஓடிய பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். அன்றிலிருந்து ஓராண்டாக அவளுக்குப் பேச்சு இல்லை. தோலைக் கண்டதும் அவள் ஊராரையும் கணவனையும் கூவி அழைத்தாள் என்று எழுதுகிறார். மருத்துவ மாணவ நண்பர்கள் இதை எப்படி விளக்குவார்களோ தெரியாது.

அதன்பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்கொல்லிகளை அவர் கொன்றார். சுட்டபின் ஒவ்வொன்றின் உடலிலும் காரணத்தைத் தேடினார். சௌகர் பெண்புலி 64 பேரைக் கொன்றது. அதன் நகங்கள் முறிந்திருந்தன, முன்பற்கள் தேய்ந்திருந்தன. வேறு சில புலிகளுக்கு முள்ளம்பன்றியின் முட்கள் தசைக்குள் புகுந்து புரையோடியிருந்தன. புலி பிறவியிலேயே கொடியது என்ற பேச்சை அவர் ஏற்கவே இல்லை. காயமோ முதுமையோ அதைத் தள்ளிவிடுகிறது; அந்தக் காயத்தில் பாதி மனிதன் கொடுத்தது என்பதே அவர் கண்ட முடிவு. சிறுத்தைகளின் கதை வேறு. ருத்ரபிரயாகை சிறுத்தை ஆட்கொல்லியானதற்கு 1918-ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலைக் காரணமாகக் காட்டுகிறார். அவ்வளவு பேரை எரிக்க வழியில்லாமல், பிணத்தின் வாயில் ஒரு நெருப்புத் துண்டை வைத்துப் பள்ளத்தாக்கில் தள்ளிவிட்டார்கள். சிறுத்தைக்குச் சுவை அங்கே பழகியது.

கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் போகும் யாத்திரைப் பாதையில் அந்தச் சிறுத்தை எட்டு ஆண்டுகளில் 125 பேரைக் கொன்றது. ஆட்கொல்லிப் புலிக்கு மனிதப் பயம் போய்விடும், அதனால் பகலில் கொல்லும்; சிறுத்தைக்கு அந்தப் பயம் போவதே இல்லை, அதனால் இரவில் வரும் என்பது கார்பெட்டின் கணிப்பு. எனவே அப்பகுதியில் பொழுது சாய்ந்தால் ஊரே கதவடைத்தது. ஒருமுறை ஒரு மரத்தடியில் முட்களை வெட்டிச் சுற்றிலும் வேலி கட்டி, அதற்குள் தம் ஆட்களோடு முகாமிட்டார். மரத்தின் கிளை ஒன்று வேலிக்குள் நீண்டிருந்தது. அதை வெட்டலாமா என்று யோசித்து விட்டுவிட்டார். நள்ளிரவில் ஏதோ மரத்தில் ஏறும் ஓசை கேட்டு விழித்தார். துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுவதற்குள் சிறுத்தை குதித்து ஓடிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அன்று குறைந்திருக்கலாம். நம் மாணவர்கள் முகாம் என்றதும் கூடாரம், கித்தார், மெகி மீ என்று நினைக்கிறோம். நானும் தாமான் நெகாராவில் நண்பர்களோடு ஒரு பும்புனில் இரவு தங்கியிருக்கிறேன். பார்த்தது இரண்டு மான்களும் ஓர் எலியும்தான். அங்கே படுத்துக்கொண்டு அந்தக் கிளையை நினைத்தேன். தூக்கம் வரவில்லை.

ருத்ரபிரயாகையில் அலக்நந்தா ஆற்றுப் பாலத்தின் கோபுரத்தின் மேல் இருபது இரவுகள் குளிரில் உட்கார்ந்தார். நஞ்சு, பொறி, பரண் எல்லாம் பொய்த்தன. இறுதியில் 1926-ஆம் ஆண்டு மே மாதம் கோலாப்ராயில் ஒரு மாமரத்தின் மேல் இருந்து சுட்டார். கீழே மணி கட்டிய ஓர் ஆடு. மணி ஒலித்ததும் விளக்கை அடித்துச் சுட்டார். விளக்கு உடனே அணைந்துபோனது. சுட்டது பட்டதா என்பது விடியும்வரை தெரியாது. காலையில் பாறை இடுக்கில் கிடந்தது ஒரு கிழட்டுச் சிறுத்தை. அந்த உடலைப் பார்த்தபோது வெற்றியைவிட இரக்கமே அவருக்கு மிகுந்திருந்தது. இயற்கையின் சட்டத்தை அது மீறவில்லை, மனிதனின் சட்டத்தைத்தான் மீறியது என்பது போல எழுதுகிறார்.

காட்டில் நடப்பதைப் பற்றி அவர் சொல்லும் செய்தி ஒன்று வியப்பானது. மனிதனுக்கு மோப்பம் இல்லை என்பது புலிக்குத் தெரியாது. மானை நெருங்குவது போலவே, தன் வாடை நம்மை எட்டாத திசையிலிருந்துதான் அது நம்மையும் நெருங்கும். ஆகவே காற்று முகத்தில் அடித்தால் ஆபத்து முதுகுப் பக்கம். இதற்காக அவர் நேராக நடக்காமல் இடமும் வலமுமாக வளைந்து வளைந்து நடந்து, ஆபத்தை எப்போதும் தம் பக்கவாட்டில் வைத்துக்கொள்வாராம். சௌகர் பெண்புலியை 1930-ஆம் ஆண்டு சுட்டபோது அவருடைய இடக்கையில் வழியில் எடுத்த இரண்டு பறவை முட்டைகள் இருந்தன. ஒரு கையால் துப்பாக்கியை மெல்லத் திருப்பிச் சுட்டுவிட்டு, முட்டைகளைக் கூட்டிலேயே திரும்ப வைத்தார்.

இதே 1930-ஆம் ஆண்டுதான் பவல்கர் என்ற இடத்தில் ஒரு பெரிய ஆண்புலியையும் அவர் சுட்டார். அது ஒரு மனிதரையும் கொல்லாத புலி. பத்தாண்டுகளாக வேட்டைக்காரர்கள் பலர் குறிவைத்த மிகப் பெரிய புலி என்பதே அதன் குற்றம். அந்த அத்தியாயத்தைப் படித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. அரசப் பிரதிநிதிகளுக்கும் ஆளுநர்களுக்கும் புலி வேட்டை ஏற்பாடு செய்து கொடுத்ததும் இவர்தான். சிலர் இதைச் சொல்லாமல் அவரைத் துறவியாக்கிவிடுகிறார்கள். அக்காலத்து வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோகவும் எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அதே காலத்தில், எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி இரவில் புலிகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவரால் தூண்டப்பட்டுக் கார்பெட்டும் படச்சுருள் கேமராவைத் தூக்கினார். ஓடைக்கரையில் மறைவிடம் அமைத்து ஏழு புலிகளைப் படம்பிடித்தார். துப்பாக்கியைவிட இதற்குத்தான் திறமையும் பொறுமையும் அதிகம் வேண்டும் என்று பின்னாளில் எழுதினார். 1936-ஆம் ஆண்டு இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா ஹெய்லி என்ற பெயரில் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. நம் தாமான் நெகாராவுக்காகப் போராடிய தியோடர் ஹபேக்கும் வேட்டைக்காரராக இருந்தவரே என்பதை இங்கே நினைத்துக்கொண்டேன்.

கடைசி ஆட்கொல்லி தாக் என்ற கிராமத்துப் பெண்புலி. 1938-ஆம் ஆண்டு நவம்பர் 30. அவருக்கு 63 வயது. ஊரே காலியாகிவிட்டது. இருட்டுவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. இரண்டு ஆடுகளோடும் நான்கு ஆட்களோடும் ஒரு பாறையில் ஒட்டிக்கொண்டு, ஆண்புலியைப் போலக் குரல் கொடுத்தார். அது பதில் குரல் கொடுத்துக்கொண்டே மிக அருகில் வந்தது, சுட்டார். அதன் தோளிலும் பழைய குண்டுக்காயம், சீழ் பிடித்திருந்தது. துணைதேடி வந்த விலங்கை ஏமாற்றி அழைத்ததைப் பெருமையாக அவர் சொல்லவில்லை.

இரண்டாம் உலகப்போரில் பர்மாவுக்குச் செல்லும் வீரர்களுக்குக் காட்டில் பிழைக்கும் வழிகளைக் கற்பித்தார். 1944-ஆம் ஆண்டு முதல் நூல் வெளிவந்து உலகப்புகழ் பெற்றது. முதற்பதிப்பின் வருமானத்தைப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்குக் கொடுத்தார். காலாதுங்கியில் சோட்டி ஹல்த்வானி என்ற கிராமத்தை அவர் வாங்கிக் குடியானவர்களை அமர்த்தியிருந்தார். காட்டுப்பன்றியும் மானும் பயிரை அழித்தபோது, ஊரைச் சுற்றி ஏறக்குறைய ஏழு கிலோமீட்டர் நீளத்திற்குக் கற்சுவர் எழுப்பினார். அவர் செய்தவற்றுள் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இந்தச் சுவர்தான். ஒரு விலங்கும் சாகவில்லை, பயிரும் வீட்டுக்கு வந்தது.

திருமணம் செய்யாத ஜிம்மும், திருமணம் செய்யாத தமக்கை மேகியும் 1947-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியாவை விட்டுக் கென்யாவுக்குப் போனார்கள். வெள்ளையருக்கு இனி இங்கே இடமிருக்குமா என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. புலியிடம் பயந்ததை எழுதியவர் இந்தப் பயத்தைப் பற்றி அதிகம் எழுதவில்லை. நிலம் குடியானவர்களிடமே போனது. நியெரி என்ற ஊரில் ஒரு சிறு வீட்டில் இருவரும் வாழ்ந்தார்கள். 1952-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இளவரசி எலிசபெத் காட்டு விலங்குகளைக் காண மரத்தின் மேல் கட்டிய விடுதிக்கு வந்தபோது, 76 வயதுக் கார்பெட் ஏணியின் உச்சியில் துப்பாக்கியோடு இரவு காவல் இருந்தார். அந்த இரவில் தந்தை இறந்ததால் இளவரசி அரசியானார். அதைப் பற்றி எழுதிய சிறு நூலே அவருடைய கடைசி நூல். 1955-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள் அவர் இறந்தார். கல்லறை நியெரியில் இருக்கிறது.

அவர் மறைந்தபின் ஹெய்லி பூங்காவுக்குக் கார்பெட் பெயர் வந்தது. 1973-ஆம் ஆண்டு இந்தியப் புலிகள் பாதுகாப்புத் திட்டம் அங்கிருந்துதான் தொடங்கப்பட்டது. 1968-ஆம் ஆண்டு, இந்தோசீனப் பகுதிப் புலிகளைத் தனி வகையாகப் பிரித்த ஆய்வாளர் அதன் அறிவியல் பெயரில் கார்பெட்டின் பெயரைச் சேர்த்தார். நம் மலேசியக் காட்டுப் புலியும் 2004-ஆம் ஆண்டு வரை அந்த வகையில், அந்தப் பெயரில்தான் இருந்தது. 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி, அப்புலிகளில் 150-க்கும் குறைவானவையே நம் காடுகளில் எஞ்சியிருந்தன.